கைல் மெக்கார்லியின் விலகல்: ‘மாப் சைக்கோ 100’ ஆங்கில டப்பிங் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

2022 செப்டம்பரில், ‘மாப் சைக்கோ 100’ என்ற அனிமே (ஜப்பானிய இயங்குபட) தொடரின் மூன்றாம் சீசன் ஒளிபரப்பாகச் சில வாரங்களே இருந்த நிலையில், அதன் ஆங்கிலப் பதிப்பில் நாயகனுக்குக் குரல் கொடுத்துவந்த கைல் மெக்கார்லி யூடியூபில் ஒரு காணொளியை வெளியிட்டார். மூன்றாம் சீசனில் அந்தப் பாத்திரத்துக்குத் தாம் பேசுவது பெரும்பாலும் நடக்காது என்று அதில் தெரிவித்த அவர், அதற்கான காரணத்தையும் மறைக்காமல் சொன்னார். புதிய சீசனின் டப்பிங் தொழிற்சங்க ஒப்பந்தம் இல்லாமல் நடக்கவிருந்தது. அதை மாற்றும்படிகூட அவர் வற்புறுத்தவில்லை. சங்கத்தோடு ஒருமுறை உட்கார்ந்து பேச, ஆங்கிலப் பதிப்பைத் தயாரிக்கும் கிரஞ்சிரோல் நிறுவனம் சம்மதித்தால் போதும் என்று கேட்டிருந்தார். அந்தச் சம்மதம் கிடைக்கவில்லை.

குரல் மாறுவது ஆங்கில அனிமே டப்பிங்கில் புதிய சங்கதி அல்ல. உரிமம் ஒரு நிறுவனத்திடமிருந்து இன்னொன்றுக்குப் போகும்போதும், வேலை ஒரு நகரத்திலிருந்து இன்னொரு நகரத்துக்குப் போகும்போதும் நடிகர்கள் மாறிக்கொண்டேதான் இருந்திருக்கிறார்கள். ஆனால் அத்தகைய மாற்றங்களின் காரணம் பெரும்பாலும் அலுவலக மேசைகளைத் தாண்டி வெளியே வருவதில்லை. இந்த நிகழ்வில் நடிகர் என்ன கேட்டார், நிறுவனம் என்ன பதில் சொன்னது, பிறகு என்ன நடந்தது என்ற மூன்றும் பொதுவெளியில் பதிவாகியுள்ளன. ஒரு டப்பிங் கலைஞரின் கையில் உண்மையில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பதை அறிய இதைவிடத் தெளிவான நிகழ்வு கிடைப்பது அரிது என்பதே இதை எடுத்துக்கொண்டதற்குக் காரணம்.

பாத்திரமும் குரலும்

ஒன் என்ற புனைபெயர் கொண்ட ஓவியர் எழுதி வரைந்த மாங்கா எனப்படும் ஜப்பானியச் சித்திரக்கதையை அடிப்படையாகக் கொண்டு, யூசுரு தாச்சிகாவாவின் இயக்கத்தில் போன்ஸ் ஸ்டுடியோ தயாரித்த தொடர் இது. முதல் சீசன் 2016 ஜூலையிலும், இரண்டாவது 2019 ஜனவரியிலும், மூன்றாவது 2022 அக்டோபரிலும் ஜப்பானில் தொடங்கின. நாயகன் ஷிகெயோ ககேயாமா ஒரு நடுநிலைப் பள்ளி மாணவன். மாப் என்பது எல்லாரும் அவனை அழைக்கும் பெயர். அளவிட முடியாத மனோசக்தி படைத்த அவன், உணர்ச்சி கரைபுரண்டால் அந்தச் சக்தியும் கட்டுக்கடங்காமல் வெடித்துவிடும் என்று அஞ்சி, மகிழ்ச்சி, கோபம், துக்கம் அனைத்தையும் அடக்கியே வாழ்கிறான். அந்த அழுத்தம் கூடிக்கூடி வருவதைத் திரையில் தோன்றும் சதவீத எண் காட்டும். நூறைத் தொட்டதும் வெடிப்பு நிகழும்.

குரல் நடிகருக்கு இது மிகக் கடினமான கட்டமைப்பு. பெரும்பாலான நேரம் பாத்திரம் ஏற்ற இறக்கமின்றி, தாழ்ந்த தொனியில், சுருக்கமாகப் பேசுகிறது. ஆனால் அந்தத் தட்டையான பேச்சு உயிரற்றதாகிவிடக் கூடாது. கூச்சமும் மரியாதையும், யாரோ சொன்ன சொல் எங்கோ சுருக்கென்று தைத்ததும் அதற்கடியில் கேட்க வேண்டும். உணர்ச்சியைக் கொட்டி நடிப்பது ஒரு திறமை என்றால், அதை அடக்கிக்கொண்டிருக்கிறான் என்று கேட்பவரை உணரவைப்பது அதனினும் அரிய திறமை. மெக்கார்லி முதல் இரண்டு சீசன்களின் 25 அத்தியாயங்களில் இதைச் செய்தார். ‘மொபைல் சூட் குண்டம்: அயர்ன் பிளடட் ஆர்ஃபன்ஸ்’ தொடரில் மிகாசுகி அவுகஸ் என்ற, முகத்தில் எதையும் காட்டாத இளம் போராளிக்கும் அவர்தான் ஆங்கிலக் குரல். இரண்டும் அடக்கமான குரல்கள். ஆனால் மிகாசுகியின் அமைதி கேட்பவரை அச்சுறுத்துகிறது, மாப்பின் அமைதியோ அவன்மேல் பரிவு கொள்ளவைக்கிறது. இத்தனை நெருக்கமான இரண்டு பாத்திரங்களை ஒருவரே வேறுபடுத்திக் காட்டியிருப்பதைக் கேட்டால், அவர் வெறும் குரல்வளத்தை நம்பி இத்தொழிலில் நின்றவரல்லர் என்பது விளங்கும்.

அமெரிக்க முறையில் இந்த வேலை நடக்கும் விதத்தையும் இங்கே சொல்ல வேண்டும். நடிகர் சிறிய ஒலிப்பதிவு அறையில் தனியாக நிற்பார். கண்ணாடிக்கு அப்பால் டப்பிங் இயக்குநரும் ஒலிப்பதிவாளரும் இருப்பார்கள். முதலில் ஜப்பானிய வசனம் ஒருமுறை காதில் ஒலிக்கும். அடுத்து, சம இடைவெளியில் மூன்று ‘பீப்’ ஒலிகள் கேட்கும்; நான்காவது ஒலி வந்திருக்க வேண்டிய கணத்தில் நடிகர் பேசத் தொடங்க வேண்டும். உதட்டசைவுக்கு ஏற்ப வசனத்தை எழுத்தாளர் முன்னரே அளந்து எழுதியிருப்பார். ஆனாலும் வாய் மூடிய பிறகு ஓர் அசை மிஞ்சினால் அங்கேயே ஒரு சொல்லை எடுத்தோ சேர்த்தோ சரிசெய்வார்கள். இரண்டு மூன்று முறை பேசியபின் அடுத்த வரி. எதிரில் பேசும் பாத்திரத்தின் நடிகர் அங்கே இருப்பதில்லை. அவருடைய பகுதி வேறொரு நாளில் பதிவாகியிருக்கும், அல்லது இனிமேல்தான் பதிவாகும். மாப்புக்கும் அவனுடைய போலி குருவான ரெய்கெனுக்கும் இடையே நாம் கேட்கும் உரையாடல் முழுவதும் இப்படித் தனித்தனியே பேசப்பட்டுப் பிறகு ஒட்டப்பட்டதுதான். தொண்டையைப் பதம்பார்க்கும் அலறல்களைப் பெரும்பாலும் பதிவு நேரத்தின் கடைசிக்கு ஒதுக்கிவைப்பார்கள். ஏனெனில் அவற்றுக்குப் பிறகு மென்மையாகப் பேசக் குரல் இருக்காது.

மணிக்கணக்குக் கூலி

இந்த வேலைக்கான ஊதியம் ஒலிப்பதிவு அறையில் செலவிடும் மணிநேரத்துக்கே கணக்கிடப்படுகிறது. தொடர் உலகெங்கும் ஓடினாலும், பொம்மைகளும் வட்டுகளும் விற்றுத் தீர்ந்தாலும், அந்த வருமானத்தில் டப்பிங் நடிகருக்குப் பொதுவாகப் பங்கு எதுவும் கிடையாது. 2022 மார்ச்சில் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்த ‘ஜுஜுட்சு கைசென் 0’ அங்கு 3 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. அதில் ரிகா என்னும் முக்கியப் பாத்திரத்துக்கு ஆங்கிலக் குரல் கொடுத்த அனைரிஸ் கினோனஸ், தமக்குக் கிடைத்தது 150 டாலர் என்று பின்னர் வெளிப்படையாகச் சொன்னார். இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்த பிறகும் இந்தத் தொழிலின் கூலியமைப்பு நியாயமானது என்று வாதிடுவது எனக்கு இயலாத காரியம்.

எனினும் மெக்கார்லியின் கோரிக்கையைக் கூலி உயர்வுக்கான கோரிக்கையாகப் புரிந்துகொண்டால் அதன் சாரம் தவறிவிடும். அமெரிக்காவில் மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் வேலை தரும் நிறுவனத்தின் வழியாகவே கிடைக்கிறது. டப்பிங் கலைஞருக்கு அப்படி ஒரே நிறுவனம் என்று எதுவும் இல்லை. இந்த வாரம் ஓரிடத்தில் இரண்டு மணிநேரம், அடுத்த வாரம் வேறோரிடத்தில் நான்கு மணிநேரம் என்றுதான் அவருடைய ஆண்டு கழிகிறது. இந்தச் சிதறலை ஈடுகட்டும் ஏற்பாடுதான் நடிகர் சங்கமான சாக்-ஆஃப்ட்ராவின் ஒப்பந்தம். அதில் கையெழுத்திட்ட ஒவ்வொரு நிறுவனமும் குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கட்டுப்படுவதோடு, அதற்கு மேல் ஒரு பங்கைச் சங்கத்தின் மருத்துவ நிதிக்கும் ஓய்வூதிய நிதிக்கும் செலுத்த வேண்டும். பல இடங்களில் சிறுகச் சிறுகச் சேர்ந்த வருமானம் ஆண்டுக்கு ஒரு குறிப்பிட்ட வரம்பைத் தாண்டினால் நடிகருக்குக் காப்பீடு கிடைக்கும். ஒப்பந்தமில்லாத வேலையில் எத்தனை மணிநேரம் பேசினாலும் அது அந்த வரம்புக்கான கணக்கில் சேராது. முழுநேரமும் டப்பிங் செய்பவரே காப்பீடு இல்லாமல் நிற்கும் நிலை இப்படித்தான் உருவாகிறது.

சங்கத்தின் முதல் விதி, ஒப்பந்தமில்லாத நிறுவனத்தில் உறுப்பினர் வேலை செய்யக் கூடாது என்பது. அனிமே டப்பிங்கின் பெரும்பகுதி நெடுங்காலம் ஒப்பந்தத்துக்கு வெளியிலேயே நடந்ததால், இந்த விதிக்கும் வயிற்றுப்பாட்டுக்கும் இடையில் சிக்கிய கலைஞர்கள் மாற்றுப்பெயர்களில் ஒளிந்துகொண்டார்கள். ‘கௌபாய் பீபாப்’ தொடரில் ஸ்பைக் ஸ்பீகலுக்கு ஸ்டீவ் ப்ளம் கொடுத்த குரல் ஆங்கில டப்பிங்கின் உச்சங்களில் ஒன்றாக இன்றும் போற்றப்படுகிறது. ஆனால் அந்தத் தொடரின் நன்றிப் பட்டியலில் தேடினால் டேவிட் லூகஸ் என்ற பெயர்தான் இருக்கும். தம் வாழ்நாளின் மிகச் சிறந்த வேலையில் ஒருவர் சொந்தப் பெயரைப் போட்டுக்கொள்ள முடியாமல் போவது எவ்வளவு பெரிய இழப்பு என்பதை அந்தப் பட்டியலைப் பார்க்கும் எவரும் உணரலாம்.

கலிபோர்னியாவும் டெக்சஸும்

ஆங்கில அனிமே டப்பிங்கின் வரைபடத்தில் இரண்டு மையங்கள் உண்டு. ஒன்று லாஸ் ஏஞ்சல்ஸ் வட்டாரம். திரைத்துறையும் சங்கமும் வேரூன்றிய இடம். ‘மாப் சைக்கோ 100’ தொடரின் முதல் இரண்டு சீசன்களின் ஆங்கிலப் பதிப்பைத் தயாரித்த பாங் ஸூம் நிறுவனம் அங்குள்ள பர்பேங்கில் இயங்குகிறது. மற்றொன்று டெக்சஸின் டாலஸ் வட்டாரம். 1994-இல் தொடங்கப்பட்ட ஃபனிமேஷன் என்ற அனிமே வெளியீட்டு நிறுவனம் அங்கே வளர்ந்து பெரிதானது. வேலைக்குச் சேர்பவரைச் சங்கத்தில் சேரும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்ற சட்டம் டெக்சஸில் 1947 முதல் இருக்கிறது. அந்தச் சட்டம் சங்க ஒப்பந்தத்தைத் தடைசெய்யவில்லை. ஒரு நிறுவனம் விரும்பினால் டாலஸிலும் தாராளமாகக் கையெழுத்திடலாம். இந்த இரண்டையும் போட்டுக் குழப்பி, டெக்சஸில் சங்க வேலையே முடியாது என்று பலர் பேசுவதால் இதைத் தனியாகக் குறிப்பிட வேண்டியிருக்கிறது.

2017-இல் ஃபனிமேஷனின் பெரும்பான்மைப் பங்குகளை சோனி வாங்கியது. 2021 ஆகஸ்டில் அதன் போட்டித் தளமான கிரஞ்சிரோலையும் 117.5 கோடி டாலருக்கு வாங்கி முடித்தது. 2022-இல் இரண்டும் கிரஞ்சிரோல் என்ற ஒரே பெயரின் கீழ் வந்தன. இதன் விளைவை ஒரு நடிகரின் இடத்தில் நின்று பார்க்க வேண்டும்: ஓரிடத்தில் கருத்து வேறுபாடு வந்தால் இன்னோரிடத்துக்குப் போகலாம் என்றிருந்த வாய்ப்பு சுருங்கியது. இதே காலத்தில் இன்னொரு மாற்றமும் நடந்திருந்தது. 2020 மார்ச்சில் கொரோனா பரவலால் ஒலிப்பதிவுக் கூடங்கள் மூடப்பட்டபோது, நடிகர்கள் தத்தம் வீட்டில் அலமாரிக்குள்ளும் போர்வைக்கடியிலும் ஒலிவாங்கியை வைத்துப் பேசினார்கள். கலிபோர்னியாவில் இருப்பவர் டாலஸ் தயாரிப்பில் பங்கெடுப்பது சாதாரணமானது. தொலைவு ஒரு தடையல்ல என்று தொழிலே நிரூபித்துக் காட்டியிருந்த வேளையில்தான் மூன்றாம் சீசனின் வேலை டாலஸுக்கு மாற்றப்பட்டது.

கேட்டதும் கிடைத்ததும்

மெக்கார்லி முன்வைத்த சமரசம் இதுதான்: மூன்றாம் சீசனைச் சங்க ஒப்பந்தம் இல்லாமலேயே செய்து தரத் தயார், அதற்கு ஈடாக, எதிர்காலத் தயாரிப்புகளுக்கு ஒப்பந்தம் சாத்தியமா என்று சாக்-ஆஃப்ட்ரா பிரதிநிதிகளைச் சந்தித்துப் பேச நிறுவனம் உறுதியளிக்க வேண்டும். பேச்சின் முடிவு எப்படியும் இருக்கலாம். கையெழுத்திட வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. நிறுவனம் இதை ஏற்கவில்லை என்று அவர் தெரிவித்தார். காணொளி பரவியபின் கிரஞ்சிரோல் வெளியிட்ட அறிக்கை, ஜப்பானிய ஒளிபரப்போடு அதே நாளில் ஆங்கிலப் பதிப்பும் வரும் என்றும், டாலஸ் கூடத்தில் தயாரிப்பு நடக்கும் என்றும், தங்கள் தயாரிப்பு மற்றும் நடிகர் தேர்வு நெறிமுறைகளுக்கு இணங்கச் சில பாத்திரங்களுக்கு வேறு நடிகர்களை அமர்த்த வேண்டியிருக்கிறது என்றும் கூறி, விலகுவோருக்கு நன்றி சொன்னது. சங்கம் என்ற சொல்லைச் சுற்றி எழுந்த கேள்விக்கு அதில் நேரடியான பதில் இல்லை.

நிறுவனத்தின் தரப்பில் நியாயம் அறவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஜப்பானில் ஒளிபரப்பாகும் அதே வேகத்தில் வாராவாரம் டப்பிங் முடிக்க வேண்டுமென்றால், எழுத்தாளர், இயக்குநர், ஒலிப்பதிவாளர், நடிகர் அனைவரும் ஒரே கூரையின் கீழ் இருப்பது வசதிதான். ஆனால் அந்த வசதி ஒரு சந்திப்பை மறுப்பதற்கான காரணமாகாது. ஒரு நாயகனின் சில மணிநேரக் கூலியில் வரக்கூடிய வேறுபாடு, நூறு கோடி டாலருக்கு மேல் கைமாறிய ஒரு வணிகத்தில் கணக்கில் நிற்கக்கூடியதே அல்ல. என் கணிப்பில், நிறுவனம் தவிர்க்க விரும்பியது அந்தச் செலவை அன்று. ஒரு தொடருக்கு மேசையில் உட்கார்ந்தால், ஆண்டுக்குப் பல பத்துத் தொடர்களுக்கும் அதே மேசையில் உட்கார வேண்டிவரும் என்ற முன்னுதாரணத்தைத்தான். மெக்கார்லி தம் கோரிக்கையை இயன்ற அளவு சிறிதாக்கியதால்தான் இது வெளிச்சத்துக்கு வந்தது. கூடுதல் ஊதியம் கேட்டிருந்தால், தொகை ஒத்துவரவில்லை என்று சொல்லிக் கடந்திருப்பார்கள்.

அந்தக் கோரிக்கை நடைமுறைக்கு ஒவ்வாதது என்றும் சொல்ல முடியாது. 2019-இல் நெட்ஃபிளிக்ஸ் சாக்-ஆஃப்ட்ராவுடன் செய்துகொண்ட ஒப்பந்தம் அயல்மொழிப் படைப்புகளின் ஆங்கில டப்பிங்கையும் உள்ளடக்கியது.

பழைய மாற்றங்கள்

டெக்சஸ் நடிகர்கள் வேறு ஊர் நடிகர்களின் இடத்துக்கு வருவது இது முதன்முறையல்ல. ‘டிராகன் பால் இசட்’ 1996-இல் அமெரிக்கத் தொலைக்காட்சிக்கு வந்தபோது அதன் குரல்கள் கனடாவின் வான்கூவரில் பதிவானவை. பங்காளி நிறுவனம் விலகிப் பணவரவு நின்றதும், 1999-இல் ஃபனிமேஷன் டெக்சஸிலேயே உள்ளூர் நடிகர்களைக் கொண்டு தொடரைத் தொடர்ந்தது. நாயகன் கோகுவாக ஷான் ஷெம்மலும், வெஜீட்டா, பிக்கலோ இருவராகவும் கிறிஸ்டபர் சபாட்டும் பேசினார்கள். பழைய குரல்களுக்குப் பழகியிருந்த ரசிகர்கள் அன்று எரிச்சலடைந்தார்கள். இன்றோ அந்த டெக்சஸ் குரல்களே அசல் குரல்களாகக் கொண்டாடப்படுகின்றன. சபாட் நடிகராக மட்டும் நின்றுவிடாமல் டப்பிங் இயக்குநராகி, 2004-இல் ஓக்ராட்ரான் 5000 என்ற சொந்த ஒலிப்பதிவு நிறுவனத்தையும் தொடங்கினார். மணிக்கணக்குக் கூலியின் எல்லையை அவர் தாண்டிய வழி அது. எல்லா நடிகர்களுக்கும் திறந்திருக்கும் வழி அல்ல.

எதிர்த்திசையிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ‘நியான் ஜெனிசிஸ் எவாஞ்சலியன்’ தொடரை 2019-இல் நெட்ஃபிளிக்ஸ் வெளியிட்டபோது முற்றிலும் புதிய ஆங்கிலக் குரல்கள் ஒலித்தன. நாயகன் ஷின்ஜியாக நெடுங்காலம் அறியப்பட்ட ஸ்பைக் ஸ்பென்சர் அதில் இல்லை. இரண்டே ஆண்டுகளில், அந்த வரிசையின் இறுதித் திரைப்படம் அமேசான் பிரைமில் வந்தபோது ஸ்பென்சரும் டிஃபனி கிராண்டும் ஆலிசன் கீத்தும் தத்தம் பாத்திரங்களுக்குத் திரும்பினார்கள். அவர்களை விலக்கியதும் உரிமம் வைத்திருந்தவர்களின் முடிவு. திரும்ப அழைத்ததும் அத்தகையவர்களின் முடிவே. இரண்டு முறையும் நடிகர்கள் செய்யக் கூடியது காத்திருப்பது மட்டுமாகவே இருந்தது.

மெக்கார்லியின் விலகல் இவற்றிலிருந்து வேறுபடுவது இந்த இடத்தில்தான். முடிவெடுக்கும் அதிகாரம் அவரிடம் இல்லை. ஆனால் தம் குரல் இல்லாவிட்டால் ரசிகர்கள் கவனிப்பார்கள் என்ற ஒன்றே ஒன்று அவர் கையில் இருந்தது. தனக்கு அதிக மணிநேரமோ அதிகத் தொகையோ பெற அதைப் பயன்படுத்தியிருக்கலாம். அவர் அதை, தாம் இல்லாத தயாரிப்புகளிலும் வேலை செய்யப்போகும் பெயர் தெரியாத சக நடிகர்களுக்கான ஒரு சந்திப்புக்காகச் செலவழித்தார்.

பின்னர்

மூன்றாம் சீசனில் மாப்பின் குரல் எர்னஸ்டோ ஜேசன் லீப்ரெக்ட்டுடையது. ‘அட்டாக் ஆன் டைட்டன்’ தொடரின் ஸீக், ‘மை ஹீரோ அகாடெமியா’வின் டாபி ஆகியோருக்குப் பேசிய தேர்ந்த டெக்சஸ் நடிகர் அவர். இந்தச் சர்ச்சையில் அவரைக் குறைசொன்னவர்கள் தவறான இடத்தில் கோபப்பட்டார்கள் என்பதே என் கருத்து. அழைப்பு வந்த வேலையை ஏற்ற நடிகர், அந்த அழைப்பு எந்த நிபந்தனையில் வந்தது என்பதைத் தீர்மானிப்பவரல்லர். மொத்தம் 37 அத்தியாயங்கள் கொண்ட கதையில் கடைசிப் பன்னிரண்டும் நாயகன் தன் உணர்ச்சிகளை ஒளிக்காமல் ஏற்றுக்கொள்ளக் கற்கும் பகுதி. 25 அத்தியாயங்கள் அடக்கி வைத்த குரல் எதற்காகக் காத்திருந்ததோ அந்தக் கட்டம் வேறொருவர் வாயால் பேசப்பட்டது. ஜப்பானியப் பதிப்பில் மூன்று சீசன்களிலும் செட்சுவோ இதோவே பேசியிருப்பதால், இரண்டையும் பார்ப்பவருக்கு ஆங்கிலப் பதிப்பு இழந்தது என்னவென்று தெளிவாகவே புலப்படும்.

அந்த இழப்பு தளத்தின் வணிகத்தைப் பாதித்ததாகத் தெரியவில்லை. ரசிகர்கள் கண்டித்தார்கள், தொடரையும் பார்த்தார்கள். இதே கிரஞ்சிரோல் இப்போது தமிழ் டப்பிங்கையும் வெளியிட்டுவருவதால், டப்பிங் கலைஞரின் ஒப்பந்தம் பற்றிய கேள்வி நமக்கும் அயலானதல்ல.

மெக்கார்லியின் தொழில் அதோடு நின்றுவிடவில்லை. 2017-இல் வெளியான ‘நியர்: ஆட்டோமேட்டா’ என்ற வீடியோ கேமில் 9எஸ் என்ற இயந்திர வீரனுக்கு அவர் குரல் கொடுத்திருந்தார், 2பி என்ற நாயகிக்குப் பேசியவர் கீரா பக்லண்ட். அந்த விளையாட்டு 2023-இல் அனிமே தொடராக வந்தபோது அதன் ஆங்கிலப் பதிப்பில் இருவரும் அதே பாத்திரங்களுக்கு மீண்டும் பேசினார்கள்.